ஆரவாரமும் செவியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் கணவனும் மனைவியுமாக நிகழ்த்திய உரை, ஆண்டு விழா மலருக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



கணவனும் மனைவியுமாக ஒரே மேடையில் நின்று பேசுவது நம் சங்கத்திற்குப் புதிது. ஒருவர் சொல்வதை மற்றவர் திருத்துவது இல்லறத்தின் வழக்கம். இன்று ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுப்பார் என்னும் துணிவோடு வந்திருக்கிறோம். மற்றொரு காரணமும் உண்டு. எங்களுள் ஒருவருக்குச் செவி மந்தம் என்பது இக்காலனியில் குழந்தைகளும் அறிந்த செய்தி. அவையிலிருந்து யாரேனும் வினா எழுப்பினால், அதை மற்றவர் செவியருகே திருப்பிச் சொல்லியாக வேண்டும். அந்தச் செவி மந்தத்திற்கும் இன்றைய பேச்சுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

அமெரிக்க நாட்டில் கண்டதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் கேட்டுக்கொண்டார். நயாகரா அருவியையோ, வானளாவும் மாளிகைகளையோ வருணிப்போம் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். அவற்றைப் படங்களில் கண்டிருப்பீர்கள். படத்தில் காண இயலாத ஒன்றைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். அது ஒரு பந்தாட்டத்தின் ஆரவாரம்.

2023-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், எங்கள் மகன் பணிபுரியும் ஊருக்குச் சென்றிருந்தோம். அது ஒரு பல்கலைக்கழக நகரம். ஊரின் பெயர் இங்கு வேண்டா. அந்நாட்டில் அத்தகைய நகரங்கள் பல, அவை எதற்கும் எங்கள் கதை பொருந்தும். ஒரு சனிக்கிழமையன்று மகனும் மருமகளும் எங்களையும், ஆறு வயதுப் பேரனையும் கல்லூரிக் கால்பந்து ஆட்டத்திற்கு அழைத்துச் சென்றனர்.

அவர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அன்று. இருமுனையும் கூரிய நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிறார்கள், எறிகிறார்கள், பிடிக்கிறார்கள். காலுக்கு அங்கே வேலை குறைவு. பக்கத்திற்குப் பதினொருவர். தலைக்கவசமும் தோட்கவசமும் பூண்டு ஒருவரையொருவர் மோதி வீழ்த்துகிறார்கள். ஆட்டம் பதினைந்து நிமிடங்களாக நான்கு பகுதிகள்தாம். ஆயினும் இடைநிறுத்தங்களும் இடைவேளையும் சேர்ந்து ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஆகிவிடுகிறது.

கல்லூரி மாணவர் ஆட்டம்தானே, சில நூறு பேர் கூடுவார்கள் என்று எண்ணிச் சென்றோம். கண்டதோ மனிதக் கடல். அந்நாட்டில் ஆன் ஆர்பர் நகரில் 1927-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் 1,07,601 பேர் அமரலாம். ஒகையோ, டெக்சஸ், டென்னசி, லூயிசியானா மாநிலங்களிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய பல்கலைக்கழக அரங்கங்கள் உள்ளன. தொழில்முறை ஆட்டக்காரர்களின் அரங்கங்களைக் காட்டிலும் மாணவர்களின் அரங்கங்கள் பெரியவை என்பது வியப்பன்றோ?

ஆட்டம் தொடங்கியது. எதிரணியின் கையில் பந்து வந்ததும் எங்களைச் சூழ்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று ஒரே குரலில் முழங்கினர். அது மகிழ்ச்சிக் கூச்சல் அன்று. சினக் கூச்சலும் அன்று. நெஞ்செலும்பில் கை வைத்து அழுத்துவது போன்ற ஒரு முழக்கம். பேரன் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். பிள்ளை அஞ்சுகிறான் என்று எண்ணினோம். "பயப்படாதேடா கண்ணா, எல்லாரும் விளையாட்டுக்குத்தான் கத்துகிறார்கள். நீயும் கைதட்டு" என்று சொல்லி, அவன் கைகளைக் காதிலிருந்து விலக்கினோம். விலக்கியவர்கள் நாங்களே. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதனிடம் வருவோம்.

அக்கூச்சல் ஏன் எழுந்தது என்பதை மகன் பிறகு விளக்கினான். ஒவ்வொரு முறையும் ஆட்டம் தொடங்குமுன், அணியை நடத்தும் வீரன் தன் தோழர்களுக்குக் குரல் கொடுத்து, எந்தக் கணத்தில் பந்து அசையும் என்பதைக் குறிப்பான். அக்குரல் கேளாமல் ஒருவன் முந்தி அசைந்துவிட்டால் அது பிழை. அணி ஐந்து கஜம் பின்வாங்க வேண்டும். ஆகவே, வந்த அணி பந்தை வைத்திருக்கும்போது உள்ளூர் மக்கள் முழங்குகிறார்கள். தங்கள் அணி பந்தை வைத்திருக்கும்போது அமைதி காக்கிறார்கள். கூச்சல் அங்கே ஓர் ஆயுதம். டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் பார்வையாளரைப் 'பன்னிரண்டாவது ஆட்டக்காரர்' என்றே அழைக்கிறார்கள். 1922 ஜனவரியில் நடந்த ஓர் ஆட்டத்தில் வீரர் பலர் காயமுற, பார்வையாளர் பகுதியிலிருந்த கிங் கில் என்னும் மாணவர் உடை மாற்றிக்கொண்டு, அழைத்தால் இறங்க ஆயத்தமாக ஆட்டம் முடியும்வரை நின்றார். அதன் நினைவாக அப்பல்கலைக்கழக மாணவர் இன்றும் ஆட்டம் முழுவதும் நின்றே காண்கிறார்கள்.

இவ்வாயுதத்தின் வலிமைக்கு ஒரு சான்று சொல்வோம். 1988-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழக அரங்கில் ஆபர்ன் அணியோடு ஆட்டம். முடிவை நெருங்கும் வேளையில் உள்ளூர் அணி வெற்றிக்குரிய புள்ளிகளைப் பெற்றது. ஏழுக்கு ஆறு என வென்றது. அக்கணத்தில் மக்கள் குதித்து ஆர்ப்பரித்த அதிர்வு, அப்பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையில் இருந்த நிலநடுக்கப் பதிவுக் கருவியில் பதிவாயிற்று. அன்று முதல் அதற்கு 'நிலநடுக்க ஆட்டம்' என்றே பெயர். நிலத்தை அளக்கும் கருவியை அசைத்த ஆர்ப்பாட்டம், அங்கிருந்த மென்மையான செவிகளை என்ன செய்திருக்கும்?

அங்கே கூச்சலுக்கு விதிகளும் உண்டு. மிசிசிபி மாநிலப் பல்கலைக்கழகத்தாருக்கு மாட்டுக் கழுத்து மணியை ஆட்டி ஒலிக்கும் மரபு இருக்கிறது. அவர்கள் சேர்ந்த தென்கிழக்குக் கூட்டமைப்பு 1974-இல் செயற்கை ஒலிக்கருவிகளுக்குத் தடை விதித்தது. 2010-இல் சில வரையறைகளோடு மணிக்கு மட்டும் இசைந்தது. நாங்கள் பார்த்து வந்த மறு ஆண்டாகிய 2024-இல், பயிற்றுநர் சொல்வதை வீரன் ஒருவன் தன் தலைக்கவசத்தினுள்ளேயே கேட்கும் வானொலிக் கருவிக்கு உயர்நிலைக் கல்லூரி அணிகள் இசைவு பெற்றன. இவ்விதிகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மணிக்குத் தடை வந்தது எதிரணிக்கு அநீதி நேராமைப் பொருட்டு. வானொலிக் கருவி வந்தது வீரனுக்குக் கட்டளை சென்று சேர்தற்பொருட்டு. மேலே மூன்றரை மணி நேரம் அமர்ந்திருக்கும் குழந்தையின் செவியை எண்ணி எழுந்தவை அல்ல அவை.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்லாமல் அப்பால் செல்ல மனமில்லை. இவ்வாட்டத்தில் வீரர் வட்டமாகக் குனிந்து கூடித் திட்டம் பேசுவர். அவ்வழக்கத்தைத் தோற்றுவித்தவர்கள் செவிகேளா மாணவர்கள். தலைநகர் வாஷிங்டனில் செவிப்புலன் அற்றோர்க்கென உள்ள காலடெட் கல்லூரியில், 1894-ஆம் ஆண்டையொட்டி பால் ஹப்பர்ட் என்னும் மாணவர் அணியை நடத்தினார். எதிரணியினரும் செவிகேளாதவராய் இருந்தால் சைகை மொழியைக் கண்டுகொள்வர் அல்லவா? அதனை மறைக்கவே தோழர்களை வட்டமாக நிறுத்தி நடுவில் சைகை காட்டினார். பந்து அசையும் கணத்தைக் குறிக்க அவர்கள் பெரிய முரசை அறைவர்; அதன் அதிர்வை உடலால் உணர்ந்து வீரர் பாய்வர். இன்றோ, செவி நன்கு கேட்கும் வீரர்கள் ஒரு லட்சம் பேர் முழக்கத்தின் நடுவே கையசைவாலும் காலசைவாலும் குறிப்புக் காட்டி ஆடுகிறார்கள். கேளாதோர் தம் அறிவினால் ஒரு வழி கண்டனர்; கேட்போரோ கூச்சலினால் கேளாதோர் ஆயினர். இவ்வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள்.

இனி ஒலியின் அளவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஒலியை டெசிபல் என்னும் அலகால் அளக்கிறார்கள். நாம் இயல்பாக உரையாடுவது ஏறத்தாழ 60 டெசிபல். இந்த ஏணியின் படிகள் நம் வீட்டு ஏணியின் படிகளைப் போன்றவை அல்ல. மூன்று டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இருமடங்கு ஆகிறது. பத்து ஏறினால் பத்து மடங்கு. இருபது ஏறினால் நூறு மடங்கு. ஆகவே 90-க்கும் 100-க்கும் வேறுபாடு சிறிது என்று எண்ணுவது பெரும் பிழை.

அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1998-இல் வகுத்த பரிந்துரை ஒன்று உண்டு. ஒரு நாளில் 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் இருக்கலாம். 88 ஆனால் நான்கு மணி; 91 ஆனால் இரண்டு மணி; 94 ஆனால் ஒரே மணி; 97 ஆனால் அரை மணி; 100 டெசிபல் ஆனால் பதினைந்தே நிமிடம். பெரிய ஆட்டங்களில் மக்கள் முழக்கம் 100 டெசிபலைத் தாண்டுவது அங்கு வழக்கமான செய்தி. முழக்கம் எழுவதும் தாழ்வதுமாக இருக்கும் ஆதலின், ஆட்டம் முழுமைக்கும் சராசரி 94 என்றே வைத்துக்கொள்வோம். மூன்றரை மணி நேரத்தில் அச்செவி மூன்றரை நாளுக்குரிய சுமையை ஒரே பிற்பகலில் சுமந்துவிடுகிறது.

இதில் வருந்தத்தக்கது, அந்த எண் ஏற ஏற மக்கள் பெருமை கொள்வது. சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழக அரங்கின் இரு பக்கத்தும் நீண்ட கூரைகள் உள்ளன. மக்கள் எழுப்பும் ஒலியை அவை ஆடுகளத்திற்கே திருப்பி அனுப்புகின்றன. 1992-இல் அங்கே 133.6 டெசிபல் அளக்கப்பட்டதாக இன்றும் பெருமையோடு பேசுகிறார்கள். தொழில்முறை ஆட்டத்தில் 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள், கான்சஸ் நகர அரங்கில் 142.2 டெசிபல் பதிவாகி உலகச் சாதனை ஏட்டில் இடம்பெற்றது. ஓட்டத்தில் சாதனை புரிந்தால் கால் வலுப்பெறும். படிப்பில் சாதனை புரிந்தால் அறிவு வளரும். கூச்சலில் சாதனை புரிந்தவர்க்குச் செவியில் மிஞ்சுவது இரைச்சல்.

நம் காலனியில் இதனைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. இங்கு வாழும் நம்முள் பலர் உலைக்கூடத்திலும் சம்மட்டிக் கூடத்திலும் தகடு வெட்டும் கூடத்திலும் இளமையைக் கழித்தவர்கள். பாய்லர் கட்டும் தொழிலாளர்க்குச் செவி கெடுவதைக் கிளாஸ்கோ நகர மருத்துவர் தாமஸ் பார் 1886-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து காட்டினார். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் செவிக்குக் காப்பு அணிவோரைப் பிறர் எள்ளி நகைப்பர். "இரும்பு சத்தத்துக்குப் பயந்தால் இரும்பு வேலைக்கு வரலாமா?" என்று மூத்தவர்கள் கேட்பார்கள். அன்று நகைத்தவர்களும் நகைக்கப்பட்டவர்களும் இன்று ஒருவர் சொல்வதை ஒருவர் இருமுறை கேட்டுக்கொண்டு பூங்காவில் அமர்ந்திருக்கிறோம். தொழிலாளியின் செவிக்காக இன்று அங்கும் இங்கும் சட்டம் உண்டு. சீட்டு வாங்கி மகிழ்ச்சியோடு அமர்ந்திருக்கும் பார்வையாளனின் செவிக்கு அத்தகைய வரம்பு இல்லை. கூலிக்காகக் கெட்டால் என்ன, கொண்டாட்டத்திற்காகக் கெட்டால் என்ன? செவி வேறுபாடு அறியாது.

செவியின் உள்ளே நடப்பது என்ன? ஒலி செவிப்பறையை அசைக்கிறது. சின்னஞ்சிறு எலும்புகள் மூன்று அவ்வசைவை உட்செவிக்குக் கடத்துகின்றன. உட்செவியில் நத்தைக் கூடு போன்று இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள்ளே மயிரிழை போன்ற நுனிகளையுடைய உயிரணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரு செவிக்கு அவை ஏறத்தாழ பதினையாயிரம். நம் கண்ணின் ஒளியுணரும் அணுக்களோ பல கோடி. கோடிகளோடு ஒப்பிட இப்பதினையாயிரம் எவ்வளவு சிறிய முதல்! அந்த முதலை வைத்துக்கொண்டுதான் தாயின் தாலாட்டு முதல் பேரனின் மழலை வரை நாம் கேட்கிறோம்.

பெருங்காற்றில் நெற்பயிர் சாய்வது போல, பேரொலியில் இம்மயிரிழைகள் சாய்கின்றன. சிறிது சாய்ந்தவை ஓய்வு கிடைத்தால் நிமிரும். ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது காது அடைத்தாற்போலவும், உள்ளே ஒரு ரீங்காரம் கேட்பது போலவும் தோன்றுவது இதனாலேயே. முற்றும் முறிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. கோழி முதலிய பறவைகளுக்கு இவ்வணுக்கள் மீள முளைக்கின்றன என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். மனிதர்க்கு அப்பேறு வாய்க்கவில்லை. மேலும், இக்கேடு வலி தருவதில்லை. கையில் தீப்பட்டால் உடனே இழுத்துக்கொள்கிறோம். செவியில் பட்ட தீயோ, ஆண்டுகள் கழித்துத்தான் தெரிகிறது.

முதலில் போவது எது தெரியுமா? நத்தைச் சுருளின் வாயிலில் நிற்கும் அணுக்கள் உயர்ந்த சுருதிக்கு உரியவை. பேரொலியின் கேடு, வினாடிக்கு 4000 அதிர்வு என்னும் அளவையொட்டியே பெரும்பாலும் முதலில் தோன்றுகிறது. தமிழில் சொன்னால் இது எளிதில் விளங்கும். நம் முன்னோர் எழுத்துகளை உயிர் என்றும் மெய் என்றும் பகுத்தனர். அகரம், ஆகாரம் முதலிய உயிரொலிகளில் தாழ்ந்த சுருதியும் மிகுந்த வலிமையும் உண்டு. க், ச், த், ப் போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் நுண்ணொலி உயர்ந்த சுருதியில் மெல்லிதாய் அமைந்தது. செவி கெடத் தொடங்கியவர்க்கு உயிர் கேட்கும், மெய் மறையும். கட்டு, சட்டு, தட்டு, பட்டு என்னும் நான்கும் ஒரே சொல்லாய் ஒலிக்கும். அதனால்தான் செவி மந்தமானவர்கள், "சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்கிறார்கள். எங்கள் வீட்டில் தட்டு எடுத்து வா என்றால் பட்டு எடுத்து வந்த கதைகள் பல உண்டு. அக்கதைகளைச் சொல்லிச் சிரிப்போம். சிரித்துவிட்டுச் சிறிது நேரம் இருவரும் பேசாமல் இருப்போம்.

இனி, அன்று இரவு நடந்ததைச் சொல்கிறோம். வீடு திரும்பி உணவுண்டு படுத்தபின், பேரன் எழுந்து வந்தான். "பாட்டி, காதுக்குள்ளே வண்டு பாடுது" என்றான். விளக்கைப் போட்டுக் காதைப் பார்த்தோம். வண்டு ஏது? எங்களுள் ஒருவருக்கு மட்டும் அது என்ன வண்டு என்பது தெரிந்திருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் இரவுப் பணி முடித்து வந்து படுக்கையில் கேட்ட அதே வண்டு. அன்று மறுநாள் காலையில் பறந்துவிட்டது. பிறகு ஒரு நாள் வந்தது, பறக்கவே இல்லை. குழந்தையின் அறிவு காதைப் பொத்தச் சொல்லிற்று. அக்கைகளை விலக்கியது முதியோராகிய எங்கள் அறியாமை. அறியாமை என்று சொல்வதும் முழு உண்மை அன்று. அறிந்திருந்தும் கூட்டத்தோடு கூட்டமாக மறந்தோம்.

இரண்டாம் நாள் அவன் வண்டு பறந்துவிட்டது. ஆயினும் மன அமைதி கொள்ளாமல் செவித்திறன் ஆய்வரிடம் அழைத்துச் சென்றோம். ஆய்வு முடிவு குறையொன்றும் காட்டவில்லை. மகிழ்ந்தோம். அந்த அம்மையார் கனிவோடு ஒன்று சொன்னார்: "இம்முடிவைக் கண்டு மகிழுங்கள்; இனிக் கவலையில்லை என்று மட்டும் எண்ணாதீர்கள்." அதன் காரணத்தையும் விளக்கினார். 2009-ஆம் ஆண்டு ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்னும் இரு அமெரிக்க அறிவியலறிஞர்கள் எலிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். 100 டெசிபல் ஒலியை இரண்டு மணி நேரம் கேட்ட எலிகளின் செவித்திறன் சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பிற்று. மயிரிழை அணுக்களும் நிலைத்திருந்தன. ஆனால் அவ்வணுக்களையும் நரம்பையும் இணைக்கும் நுண்ணிய இணைப்புகளில், உயர் சுருதிப் பகுதியில், ஏறத்தாழப் பாதி அழிந்து போயிருந்தன. மனிதர்க்கும் அவ்வளவு நேர்கிறதா என்பதில் அறிஞர்க்கிடையே ஆராய்ச்சி தொடர்கிறது. ஆயினும், ரீங்காரம் நின்றுவிட்டது, ஆகவே கேடும் நீங்கிவிட்டது என்று இனி எவரும் உறுதி கூற இயலாது.

அன்பர்களே, அச்சமூட்டுவது எங்கள் நோக்கம் அன்று. நடுநிலை வழுவாமல் சொல்ல வேண்டியதையும் சொல்கிறோம். ஓர் அணி தன் ஊரில் ஆடுவது ஓராண்டில் ஆறு, ஏழு ஆட்டங்களே. நாள்தோறும் எட்டு மணி நேரம் உழைத்த தொழிலாளியின் கேட்டையும் எப்போதோ ஒரு நாள் ஆட்டம் கண்டவரின் கேட்டையும் ஒன்றெனச் சொல்லுதல் தகாது. மிகுதியாக இடர்ப்படுவோர் சிலர். ஒவ்வோர் ஆட்டத்திலும் முரசுக்கும் ஊதுகொம்புக்கும் நடுவில் நிற்கும் இசைக்குழு மாணவர்கள், தின்பண்டம் விற்போர், காவலர், ஒன்றும் தவறாமல் காணும் பேரார்வலர், நெடுங்காலம் வாழ வேண்டிய செவியையுடைய குழந்தைகள். இவர்களுள் பலர் மற்ற நாட்களிலும் செவியில் கருவியை மாட்டி உரத்த இசை கேட்பவர்கள். சுமை துளித்துளியாகச் சேர்கிறது. பாதுகாப்பற்ற முறையில் ஒலி கேட்பதால் உலகில் நூறு கோடிக்கு மேற்பட்ட இளைஞர்கள் செவிக்கேட்டின் வாயிலில் நிற்பதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. 2022-இல் அந்நிறுவனம் இசைக்கூடங்களுக்கென ஒரு நெறிமுறை வகுத்தது. பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டலாகாது. ஒலியை இடைவிடாது அளக்க வேண்டும். செவியடைப்பான் கிடைக்க வேண்டும். ஓய்ந்திருக்க அமைதியான இடம் ஒதுக்க வேண்டும் என்பன அதனுள் அடங்கும். மக்களின் தொண்டைக்கு எவரும் திருகாணி வைக்க இயலாது. செவியடைப்பானையும் அமைதியான இடத்தையும் விளையாட்டரங்கத்தார் தர இயலும் அன்றோ?

அவரவர் செய்து கொள்ளக்கூடியவை மிக எளியவை. நுரைப்பஞ்சு அடைப்பான் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதனை விரலால் உருட்டி மெல்லிதாக்கி, காதை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். அரைகுறையாகச் செருகினால் பயனில்லை. சிறு குழந்தைகளுக்கு அது வேண்டா; வாயில் போட்டுக்கொள்வர். அவர்களுக்குத் தலைக்கு மேல் வளைந்து இரு செவியையும் மூடும் காப்பே தக்கது. 2010 பிப்ரவரியில் தொழில்முறை ஆட்டத்தின் இறுதிப் போட்டியில் வென்ற ட்ரூ பிரீஸ், தம் ஒரு வயது மகனை ஆடுகளத்தில் தூக்கிப் பிடித்த படம் உலகெங்கும் வெளிவந்தது. அக்குழந்தையின் தலையில் பெரிய செவிக்காப்பு இருந்தது. வெற்றியின் உச்சியிலும் ஒரு தந்தைக்கு அது மறக்கவில்லை. இடைவேளையில் அரங்கிற்கு வெளியே சென்று செவிக்கு ஓய்வு தருவதும் நன்று. கையெட்டும் தொலைவில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் ஒலி எல்லை மீறிற்று என்று அறிக. ஆட்டத்தின் மகிழ்ச்சி இவற்றால் சிறிதும் குறைவதில்லை. அடைப்பானோடு முழங்கலாம், அடைப்பானோடு வெல்லலாம்.

இத்தனை தொலைவிலுள்ள ஆட்டத்தைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். இக்காலனியிலிருந்து எத்தனை பிள்ளைகள் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயில்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சேர்ந்த முதல் மாதத்திலேயே அவர்கள் அந்த அரங்கில் அமர்கிறார்கள். பயணப்பெட்டியில் ஊறுகாயும் பருப்புப்பொடியும் வைத்தனுப்பும் தாய்மார்களே, ஒரு சிறு பொதி செவியடைப்பானும் வைத்தனுப்புங்கள்.

மற்றொரு காரணம் இதனினும் பெரிது. தாயகத்தை விட்டு வந்து வாழும் நமக்குச் செவியின் அருமை தனித்தது. நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயில்கிறார்கள். கடைத்தெருவிலும் பெயர்ப்பலகையிலும் தமிழைக் காண்பதில்லை. தமிழ் அவர்களுக்குக் கண் வழியே செல்லவில்லை. வீட்டிலும் இச்சங்கத்திலும் செவி வழியேதான் செல்கிறது. வள்ளுவர் பெருமான் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்து, கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்ததன் நுட்பத்தை நம்மினும் நன்கு உணர்வோர் யாவர்? மெய்யெழுத்துகள் மறைந்த செவிக்கு லகரமும் ளகரமும் ழகரமும் எங்ஙனம் எட்டும்?

ஆதலின் சங்கத்தாரிடம் ஒரு சிறு வேண்டுகோள். நம் விழாக்களில் குழந்தைகளை முன் வரிசையில், ஒலிபெருக்கிப் பெட்டியின் வாய்க்கு நேரே அமர்த்துவது பழக்கமாகிவிட்டது. இனி அவ்வரிசையைப் பத்தடி நகர்த்திப் பக்கவாட்டில் அமைப்போம். விளையாட்டுத் திடலில் முதலுதவிப் பெட்டியோடு செவியடைப்பான் பெட்டி ஒன்றும் வைப்போம். முதல் பெட்டிக்கான செலவை நாங்கள் ஏற்கிறோம்.

இறுதியாக ஒன்று. எந்தக் குழந்தையேனும் கூட்டத்தின் நடுவே காதைப் பொத்திக்கொண்டால், அருள்கூர்ந்து அக்கைகளை விலக்காதீர்கள். எங்கள் பேரனிடம் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை தாத்தா, இப்போ வண்டு இல்லை" என்றான். அச்சொற்களை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. எங்களுள் ஒருவருக்கு அவை விளங்கவில்லை.